வாரம் மூன்று விமானம் மட்டுமே வரும் சிறு நிலையம்: இணைப்பை எப்படித் திட்டமிடுவது?

சக்கரப்பெட்டி (கேள்வி)

மூன்று பேர் போகிறோம். நீண்ட தூர விமானம் பெரிய நிலையத்தில் புதன் காலை 9.20-க்கு இறங்கும். அங்கிருந்து 11.00 மணிக்கு ஏடிஆர் 72 என்ற புரொபெல்லர் விமானத்தில் சிறு நிலையத்துக்குப் போக வேண்டும். பறக்கும் நேரம் ஒரு மணி. சாலை வழியாகப் போனால் 380 கி.மீ., ஏழு மணி நேரம். அந்தச் சிறு விமானம் திங்கள், புதன், சனி மட்டும்தான். திங்களும் புதனும் காலையில், சனி மட்டும் பிற்பகலில்.

திரும்புவது சனி மாலை 4.00 மணி விமானம். நீண்ட தூர விமானம் ஞாயிறு இரவு 10.00. இரண்டு நிறுவனங்களும் வேறு வேறு, டிக்கெட்டும் தனித்தனி. இன்னும் பணம் கட்டவில்லை.

கூடுதல் விவரம்: அம்மாவுக்கு 74 வயது. சமதரையில் நடப்பார், படி ஏற முடியாது. இன்சுலின் போடுகிறார். நீண்ட தூர டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. சிறு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ. சிறு நிலையம் சுமார் 5,000 அடி உயரத்தில், மலைகளுக்கு நடுவே. போகும் மாதம் நல்ல வெயில் காலம்.

1 மணி 40 நிமிட இடைவெளி போதுமா? சனி மாலை விமானத்தை நம்பலாமா? அந்த நிலையத்தின் இணையதளத்தில் ஒரு கட்டிடப் படமும் ஒரு தொலைபேசி எண்ணும்தான் இருக்கின்றன. அங்கே என்ன வசதி உண்டு, என்ன இல்லை என்று எங்கே பார்ப்பது?

---

மாற்றுத்தளம்

இடைவெளி போதுமா என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, தவறினால் அடுத்தது எப்போது என்பது. பெரிய நிலையத்தில் ஒரு விமானம் போனால் மூன்று மணி நேரத்தில் இன்னொன்று. உங்களுக்குப் புதன் போனால் சனிதான். அந்தச் சனியிலும் இடம் இருக்க வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று போடுங்கள். 70 இருக்கை, வழக்கமாக 60 பேர் ஏறுகிறார்கள் என்று வைப்போம். காலி 10. புதன் விமானம் ரத்தானால் 60 பேர் நிற்பார்கள். அடுத்த ஒவ்வொரு விமானத்திலும் பத்துப் பத்துப் பேராக ஏற்றினால் எல்லோரையும் அனுப்ப ஆறு விமானம் வேண்டும், அதாவது இரண்டு வாரம். நடைமுறையில் பாதிப் பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு சாலையில் கிளம்பிவிடுவார்கள், சில சமயம் நிறுவனமே மறுநாள் ஒரு கூடுதல் விமானம் விடும். ஆனால் சிறு நிறுவனங்களிடம் உபரி விமானம் இருக்காது. அதனால் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் புதன் காலை. தனி டிக்கெட் என்றால் இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு முனையத்துக்குப் போய், மறுபடி பெட்டியைப் போட வேண்டும். சிறு விமானங்களுக்குக் கவுன்டர் பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடத்துக்கு முன் மூடிவிடும். 11.00 விமானத்துக்கு 10.00 அல்லது 10.15. ஆக உங்கள் கையில் இருப்பது 1 மணி 40 நிமிடம் இல்லை, 40 முதல் 55 நிமிடம். சக்கர நாற்காலி உதவி கேட்டவர்களைப் பெரும்பாலும் கடைசியில்தான் இறக்குவார்கள். எனவே போதாது.

ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) எடுத்தால் சரியாகிவிடுமா? பாதி சரியாகும். தவறினால் உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு, பெட்டியும் பெரும்பாலும் நேராகப் போகும். ஆனால் அந்த அடுத்த விமானம் சனிக்கிழமைதான். ஒரே டிக்கெட் பணத்தைக் காக்கும். மூன்று நாளை உருவாக்கித் தராது. என் தீர்ப்பு: செவ்வாய் மாலைக்குள் பெரிய நிலையத்துக்கு வந்து ஓர் இரவு தங்குங்கள்.

இன்னொரு பொறி. சிறு விமானத்துக்குப் போகவர ஒரே டிக்கெட் எடுத்து, போகும்போது சாலையில் போய்விட்டால், உங்களை நோ-ஷோ (வராதவர்) என்று குறித்துத் திரும்பும் பகுதியையும் பல நிறுவனங்கள் தானாக ரத்து செய்துவிடும். அப்படி நேர்ந்தால் விமானம் கிளம்பும் முன்பே கூப்பிட்டு, திரும்பும் பகுதி உயிரோடு இருக்க வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள். போகவர இரண்டு ஒருவழி டிக்கெட் எடுப்பது இந்தத் தலைவலிக்கு நல்ல மருந்து.

நிலையத்தின் வசதிகளைப் பார்க்க ஏஐபி என்ற ஆவணத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு நாட்டின் விமானப் போக்குவரத்துத் துறையும் விமானிகளுக்காக வெளியிடுவது. பல நாடுகளில் இணையத்தில் இலவசம். நிலையத்தின் நான்கெழுத்து ஐகாவோ குறியீட்டை வைத்துத் தேட வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு வேறு. எல்லா நாட்டிலும் பத்தி எண்கள் ஒன்றுதான்: ஏடி 2.3 வேலை நேரம், 2.4 எரிபொருள் போன்ற தரைச் சேவைகள், 2.5 பயணிகளுக்கான வசதி, 2.6 தீயணைப்பு வகை, 2.14 ஓடுபாதை விளக்குகள், 2.19 வழிகாட்டும் கருவிகள். இந்த ஆறையும் படித்தால் அந்த நிலையம் எந்த நாளில் உங்களைக் கைவிடும் என்று தெரிந்துவிடும்.

---

காற்றுமுகம்

சனி மாலை 4 மணி, 5,000 அடி, வெயில் காலம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வம்பு.

சூடான காற்று லேசானது, உயரத்துக் காற்றும் லேசானது. லேசான காற்றில் இறக்கை தூக்கும் விசை குறையும், எஞ்சினின் திறனும் குறையும், ஓடுபாதை கூடுதலாக வேண்டும். தோராயக் கணக்கு இது: 5,000 அடியில் நியம வெப்பநிலை (விமானக் கணக்குக்கு அடிப்படையாக வைத்திருப்பது) 5 டிகிரி. அன்று 30 டிகிரி இருந்தால் 25 டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி கூட்ட, 3,000 அடி. அதாவது விமானம் 8,000 அடி உயர நிலையத்தில் நிற்பதைப் போல நடந்துகொள்ளும். காலை 9 மணிக்கு 15 டிகிரி என்றால் அதே கணக்கு 6,200 அடி. ஒரே ஓடுபாதை, ஒரே விமானம். காலைக்கும் மாலைக்கும் இடையே 1,800 அடி வித்தியாசம்.

எடையைக் குறைத்தால்தான் ஏற முடியும். சாமானோடு ஆளுக்குச் சுமார் 100 கிலோ என்று வைத்தால், 800 கிலோ குறைக்க வேண்டிய நாளில் எட்டுப் பேரின் இடம் போகும். வழக்கமாக முதலில் சரக்கு இறங்கும், அடுத்து பெட்டிகள், கடைசியாக ஆட்கள். அந்த நிலையத்தில் எரிபொருள் நிரப்பும் வசதி இல்லாவிட்டால் இன்னும் மோசம். திரும்பிப் போகத் தேவையான எண்ணெயையும் பெரிய நிலையத்திலேயே நிரப்பிச் சுமந்துகொண்டு வருவார்கள். ஏஐபி 2.4-இல் எரிபொருள் இல்லை என்று போட்டிருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மலை நிலையங்களில் பிற்பகலில் வெப்பம் மட்டுமல்ல, பள்ளத்தாக்குக் காற்றும் இடிமேகமும் சேர்ந்துகொள்ளும். நேபாளத்தின் லுக்லா நிலையத்தில் (ஓடுபாதை 527 மீட்டர், உயரம் 2,800 மீட்டருக்கு மேல்) விமானங்கள் காலையில் பறப்பது அதனால்தான். பூடானின் பாரோவில் விமானி கண்ணால் பார்த்து இறக்க வேண்டும், பகலில் மட்டும். ஸ்காட்லாந்தின் பாரா நிலையத்தில் ஓடுபாதையே கடற்கரை மணல். கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் கால அட்டவணை போடுகிறார்கள். உங்கள் நிலையம் இவ்வளவு விசித்திரமாக இருக்காது. ஆனால் எந்தச் சிறு நிலையத்துக்கும் இப்படி ஒரு பலவீனம் உண்டு. அது எந்த நேரத்தில் வரும் என்று தெரிந்தால் அதற்கு எதிர்நேரத்து விமானத்தை எடுக்கலாம்.

அதற்காக விடியற்காலை விமானமே சிறந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். பள்ளத்தாக்குகளில் இரவில் தரை குளிர்ந்து உண்டாகும் மூடுபனி சூரியன் ஏறி இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகே கலையும். பனி பிடிக்கும் பருவத்தில் 7 மணி விமானத்தைவிட 10 மணி விமானம் தேவலை.

2.19-இல் பார்க்க வேண்டியது ஐஎல்எஸ் (ரேடியோ அலையால் ஓடுபாதைக்கு நேராகச் சரியான சரிவில் வழிகாட்டி இறக்கும் கருவி) இருக்கிறதா என்பது. சாதாரண முதல் வகை ஐஎல்எஸ் இருந்தால் தரையிலிருந்து 200 அடி வரை மேகத்துக்குள்ளேயே இறங்கி வரலாம், ஓடுபாதையில் 550 மீட்டர் பார்வைத் தூரம் போதும். திசையை மட்டும் காட்டும் ரேடியோ கருவிகளான விஓஆர் அல்லது என்டிபி மட்டும் என்றால் 400, 500 அடியிலேயே ஓடுபாதை கண்ணில் பட வேண்டும். சுற்றிலும் மலை என்றால் இன்னும் அதிக உயரத்தில். இப்போது பல சிறு நிலையங்களுக்குச் செயற்கைக்கோள் வழி இறங்குமுறைகள் வந்துவிட்டன, அவை 2.19-இல் தெரியாது. 2.24-இல் உள்ள வரைபடப் பட்டியலில் ஆர்என்பி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பயணத்துக்கு முந்தின மாலை மெட்டார், டாஃப் இரண்டையும் பாருங்கள். மெட்டார் இப்போதைய நிலை, டாஃப் முன்னறிவிப்பு. டாஃபில் டெம்போ என்று வருவது அவ்வப்போது வந்து போகும் நிலை; ப்ராப் 30 என்றால் 30 சதவீத வாய்ப்பு. 300 அடியில் மேகம் என்று உங்கள் விமான நேரத்தில் டெம்போவாக இருந்தால், விமானம் கிளம்பி வந்து, ஒருமுறை இறங்கப் பார்த்து, வானில் வட்டமடித்து, திரும்பியும் போகலாம். கிளம்பிவிட்டது என்பதால் வந்து இறங்கும் என்று பொருள் இல்லை.

---

லோட்ஷீட்

பெட்டி விஷயம் நான் சொல்றேன், இதுலதான் நிறையப் பேர் மாட்டுவாங்க.

ஏடிஆர்ல பயணிகள் ஏறுறது பின்பக்கக் கதவு. பெரிய சரக்கறை முன்னாடி, விமானி அறைக்கும் உங்க இருக்கைக்கும் நடுவுல. பின்னாடி எடை கூடினா வால் தரையில் உட்காந்துடும்னு வாலுக்கு அடியில ஒரு முட்டுக்கம்பி வச்சிருப்பாங்க, கவனிச்சுப் பாருங்க. அதனால எந்தப் பெட்டி எங்கே, யார் எந்த வரிசைன்னு லோட் ஷீட் போட்டுத்தான் கிளப்புவாங்க. ஏறினதும் காலியா இருக்குன்னு இஷ்டத்துக்கு இடம் மாறாதீங்க. அது ஒழுங்கு பற்றின பேச்சு இல்லை, எடைச் சமநிலை.

தலைக்கு மேல இருக்கிற பெட்டி அறை சின்னது. பெரிய ஜெட்ல தாராளமா போற 55 × 40 × 23 செ.மீ. சக்கரப்பெட்டி பல ஏடிஆர்ல நுழையாது. படிக்கட்டுப் பக்கத்துல ஒருத்தர் நின்னு ஒரு சீட்டைக் கட்டி வாங்கிக்குவார், இறங்கினதும் அங்கேயே தருவாங்க, இல்லேன்னா பெல்ட்டுக்குப் போகும். அந்த இருபது விநாடியில பின்னாடி ஆள் நெருக்குவாங்க, பெட்டியைத் திறந்து தேட நேரம் இருக்காது. அதனால கைப்பெட்டிக்குள்ள ஒரு மெல்லிய துணிப்பையைத் தனியா வைங்க. அதுல இருக்க வேண்டியது: பவர் பேங்க், உதிரி பேட்டரி, இன்சுலின், ஊசி, மருத்துவர் சீட்டு, மூணு நாள் மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, சார்ஜர். பெட்டியைக் கேட்டா அந்தப் பையை உருவிக்கிட்டு மீதியைக் கொடுத்துடலாம்.

பவர் பேங்க் சரக்கறைக்குப் போகவே கூடாது, தீப்பிடிச்சா அங்கே அணைக்க ஆள் இல்லை. இன்சுலினும் போகக் கூடாது, உறைஞ்சா வீணாயிடும். உருகினதும் பார்வைக்குப் பழையபடிதான் தெரியும், வேலை செய்யாது. அதுதான் ஆபத்து.

15 கிலோ விஷயம். ரெண்டு பகுதியும் ஒரே டிக்கெட்ல இருந்தா, பெரும்பாலும் முக்கிய நிறுவனத்தோட பெட்டி விதியே முழுப் பயணத்துக்கும் பொருந்தும், டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். தனி டிக்கெட்னா 15-தான். ஆளுக்கு 46 கிலோவோட வந்தா 31 கிலோ கூடுதல், மூணு பேருக்கு 93. கூடுதல் கட்டணம் கட்டினாலும் அந்தச் சாமான் உங்க கூடவே ஏறும்னு உத்தரவாதம் கிடையாது. மேல சொன்ன எடைக் குறைப்பு நாள்ல முதல்ல நிக்கிறது அதுதான். பெரிய நிலையத்துல பெட்டிக் காப்பகம் இருந்தா ஆளுக்கு ஒண்ணை வச்சிட்டுப் போங்க.

பெட்டி வரலைன்னா நிலையத்தை விட்டு வெளியே போகும் முன்னாடி பிஐஆர்ங்கிற புகார்ப் படிவம் எழுதி எண் வாங்கணும். சின்ன நிலையத்துல அடுத்த விமானம் இல்லேன்னா அலுவலகத்தைப் பூட்டிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் ரெண்டு நாள் யாரும் இருக்க மாட்டாங்க. அதனால பெல்ட் நின்ன உடனே கவுன்டருக்குப் போங்க. விமான நிறுவனத்தோட பொறுப்பைச் சொல்ற மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்துற சர்வதேசப் பயணம்னா, சேதத்துக்கு 7 நாளுக்குள்ள, தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த நாள்லேருந்து 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் தரணும். தனியா எடுத்த உள்நாட்டு டிக்கெட்டுக்கு அது பொருந்தாது, அந்த நாட்டு விதிதான்.

---

துணைவிமானி_இல்லை

லோட்ஷீட் சொன்னதோடு ஒன்று. பவர் பேங்கில் பலருக்கு அளவு குழப்பம். விதி வாட்-மணியில், பேங்கில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மில்லி ஆம்பியர்-மணியில். 20,000-ஐ 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி, பிரச்சினை இல்லை. 100 வரை அனுமதி. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் கிடையாது. எண் தேய்ந்து படிக்க முடியாமல் போன பழைய பேங்கைச் சிறு நிலையத்தில் எடுத்து வைத்துவிட வாய்ப்பு அதிகம். அங்கே வாதாட மேலதிகாரியும் இருக்க மாட்டார், வரிசையும் ஒன்றுதான்.

கைபேசிச் செயலியில் வரும் போர்டிங் பாஸையும் நம்ப வேண்டாம். சில இடங்களில் ஸ்கேனர் இருக்காது, ஆன்லைன் செக்-இன்னே ஏற்க மாட்டார்கள். தாளில் ஒரு பிரதி.

---

சக்கரப்பெட்டி

மிக்க நன்றி. செவ்வாயே வந்து தங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். ஏஐபி கிடைத்தது. 2.3-இல் வேலை நேரம் 0300–1200 என்று இருக்கிறது. மதியம் 12-க்கே மூடினால் சனி மாலை 4 மணி விமானம் எப்படி? 2.4-இல் எரிபொருள்: இல்லை. 2.6-இல் வகை 5. 2.14-இல் ஓடுபாதை ஓர விளக்கு: இல்லை. 2.19-இல் விஓஆர் மட்டும். அங்கே உள்ளூர் நேரம் யுடிசியைவிட (உலகப் பொது நேரத்தைவிட) 5 மணி நேரம் முன்னால்.

அம்மாவின் படி ஏறும் பிரச்சினைக்கும் யாராவது சொன்னால் நல்லது.

---

மாற்றுத்தளம்

ஏஐபியில் எல்லா நேரமும் யுடிசி. ஐந்தைக் கூட்டுங்கள்: காலை 8.00 முதல் மாலை 5.00 வரை. கோடைக்கு நேரம் மாற்றும் நாடுகளில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு நேரமும் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

இப்போது சனி மாலையைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 5.00 மணிக்கு நிலையம் மூடும். விளக்கும் இல்லை, எனவே கருணை நீட்டிப்பு கிடைத்தாலும் இருட்டும் வரைதான். ஏடிஆர் இறங்கி, ஆள் மாற்றி, கிளம்பக் குறைந்தது 30 நிமிடம். ஆக 4.30-க்குள் இறங்கியாக வேண்டும். பறக்கும் நேரம் ஒரு மணி, எனவே பெரிய நிலையத்திலிருந்து 3.30-க்குள் கிளம்பியாக வேண்டும். அட்டவணைப்படி கிளம்ப வேண்டியது 2.30. மொத்தத் தாங்குசக்தி ஒரு மணி நேரம்தான். அதே விமானம் காலையிலிருந்து மூன்று, நான்கு பயணம் முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வரும், ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் தவறினாலே அந்த ஒரு மணி கரைந்துவிடும். மேலே காற்றுமுகம் சொன்ன வெப்பமும் எரிபொருள் சுமையும் வேறு. நான் இதை நம்பகமான விமானம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஞாயிறு இரவு வரை நேரம் இருப்பதால் உங்கள் திட்டம் பிழைக்கும், ஒரு நிபந்தனையோடு: எப்போது கைவிடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். சனி 3.30-க்கு விமானம் பெரிய நிலையத்தைவிட்டுக் கிளம்பவில்லை என்றால் முடிந்தது என்று வைத்துக்கொண்டு காரோட்டிக்குச் சொல்லிவிடுங்கள். அதற்கு அந்த வண்டி முன்பே பேசி வைத்ததாக இருக்க வேண்டும். ரத்து என்று அறிவித்த நிமிடத்தில் அறுபது பேரும் வாசலில் நிற்கும் அதே நான்கைந்து வண்டியைத்தான் தேடுவார்கள். இரவு மலைச் சாலை வேண்டாம். ஞாயிறு 10.00 மணி விமானத்துக்குக் கவுன்டர் 9.00-க்கு மூடும் என்றால், 6.00-க்கு அங்கே நிற்பது போலக் கணக்கிடுங்கள். ஏழு மணி நேரச் சாலை, இடையில் இரண்டு மணி நேரம் சாப்பாடு, ஓய்வு, நெரிசல். ஞாயிறு காலை 9.00-க்குக் கிளம்பினால் போதும், 8.00 என்றால் நிம்மதி.

விமானம் எங்கே இருக்கிறது என்று ஃபிளைட்ரேடார்24-இல் பார்க்கலாம். டிக்கெட்டில் உள்ள விமான எண்ணைவிட, விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பதிவெழுத்தைப் பின்தொடருங்கள். அப்போதுதான் அது முந்தைய ஊரில் எவ்வளவு தாமதப்பட்டது என்று தெரியும். மலைக்குப் பின்னால் போனதும் திரையில் மறைந்துவிடும், அதைக் கண்டு பதற வேண்டாம், தரையிலுள்ள ஏற்பிக்குச் சமிக்ஞை எட்டாததுதான் காரணம்.

வகை 5 என்பது தீயணைப்பு. ஏடிஆர் 72-க்கு 5 போதும். ஏ320 என்ற ஜெட்டுக்கு 6 வேண்டும். எனவே ரத்தான நாளில் பெரிய விமானம் ஒன்றை அனுப்பி எல்லோரையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்ற நம்பிக்கையை இப்போதே விட்டுவிடலாம்.

---

காற்றுமுகம்

பயணத்துக்கு முந்தின வாரம் நோட்டம் (NOTAM) என்ற விமானிகளுக்கான அறிவிப்பையும் பாருங்கள். ஏஐபி என்பது நிரந்தரத் தகவல், நோட்டம் என்பது தற்காலிக மாற்றம். விஓஆர் பராமரிப்புக்காக நிறுத்தம், ஓடுபாதை வேலை, தீயணைப்பு வண்டி பழுதாகி வகை 4-க்கு இறக்கம், எல்லாம் அதில்தான் வரும். அந்த விஓஆர் ஒன்று மட்டும்தான் இருக்கிறது. ஆர்என்பி வரைபடமும் இல்லையென்றால், அது நின்ற நாளில் மேகம் இருந்தால் விமானம் வராது.

அட்டவணை மாறும் தேதிகளையும் கவனியுங்கள். உலகம் முழுக்க விமான அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். சிறு வழித்தடங்களில் ஒரு நாள் குறைவதும் நேரம் மாறுவதும் அப்போதுதான் நடக்கும். அதற்கு முன்பே டிக்கெட் எடுத்திருந்தால் மாற்றத்துக்குப் பிறகு ஒருமுறை போய்ச் சரிபாருங்கள். மின்னஞ்சல் வரும் என்று காத்திருக்காதீர்கள், முகவர் வழியாக எடுத்திருந்தால் அது முகவரோடு நின்றுவிடும்.

---

கைப்பிடி

அம்மாவைப் பற்றி. சக்கர நாற்காலி வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. மூன்று குறியீடு உண்டு. டபிள்யூசிஎச்ஆர்: தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார். டபிள்யூசிஎச்எஸ்: படி ஏற முடியாது, விமானத்துக்குள் தன் இருக்கைக்கு நடப்பார். டபிள்யூசிஎச்சி: எதற்கும் தூக்கித்தான் செல்ல வேண்டும். உங்கள் அம்மா நடுவில் உள்ளவர். முகவர்கள் பழக்கத்தில் முதலாவதைப் போட்டுவிடுவார்கள். பெரிய நிலையத்தில் ஏரோபிரிட்ஜ் இருப்பதால் வித்தியாசம் தெரியாது. சிறு நிலையத்தில் படிக்கட்டின் அடியில் நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஏறச் சொல்வார்கள். டிக்கெட்டில் எஸ் இருக்கிறதா என்று பார்த்து, 48 மணி நேரத்துக்கு முன் நிறுவனத்தைக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

ஏடிஆரின் படிக்கட்டு கதவோடு சேர்ந்தது. கதவைக் கீழே இறக்கினால் அதுவே படி. குறுகல், செங்குத்து, இரண்டு பேர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஏற்ற இடம் இருக்காது. எனவே தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்வி வசதி உண்டா என்பதல்ல. அதற்கு எப்போதும் உண்டு என்றுதான் பதில் வரும். எப்படி ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லக்கூடியவை நான்கு: மின்தூக்கி வண்டி, சாய்வுப் பாதை, படியேறும் இயந்திர நாற்காலி, அல்லது ஆட்கள் தூக்கும் நாற்காலி. சாய்வுப் பாதையானால் ஏடிஆரின் கதவுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். ஆட்கள் தூக்குவதானால் அம்மாவின் எடையைச் சொல்லி எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேளுங்கள். சனி மாலை நான்கே பேர் வேலையில் இருக்கும் நிலையத்தில், அதில் இருவர் பெட்டி ஏற்றுபவர்கள்.

அதே கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். பெரிய நிலையத்தில் ஏறியவர் சிறு நிலையத்தில் இறங்கவும் வேண்டும். ஏறும் இடத்து ஊழியர் இறங்கும் இடத்துக்குச் செய்தி அனுப்புவார், ஆனால் கருவி அங்கே இல்லாவிட்டால் செய்தியால் பயன் இல்லை.

இருக்கை பின்வரிசையில் கேளுங்கள், கதவு பின்னால் இருப்பதால் நடை குறையும். அவசரக் கதவுப் பக்க வரிசை இவருக்குத் தர மாட்டார்கள், கேட்டு நேரம் வீணாக்க வேண்டாம்.

ஏடிஆரில் ஏபியு (தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தரும் சிறு துணை எஞ்சின்) கிடையாது. தரையில் நிற்கும்போது வலது எஞ்சினை ஓடவிட்டு, புரொபெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, அதிலிருந்து குளிரூட்டுவார்கள். பின்காற்று அடித்தால் அதையும் நிறுத்த வேண்டிவரும். வெயில் நாளில் உள்ளே நன்றாகவே சூடேறும். இன்சுலினைக் குளிர்பையில் வைத்து மடியிலேயே வைத்திருங்கள், ஜன்னலோரம் வேண்டாம். ஐஸ் கட்டியை நேரடியாகத் தொடாமல் இடையில் ஒரு துணி.

---

சக்கரப்பெட்டி

பார்த்தேன், ஆர் என்றுதான் போட்டிருக்கிறார்கள். நீண்ட தூர முன்பதிவிலும் அதே. இரண்டையும் எஸ் என்று மாற்றச் சொல்லியாயிற்று. சிறு நிலையத்தின் எண்ணை இரண்டு நாளாக அடிக்கிறேன், யாரும் எடுப்பதில்லை.

---

லோட்ஷீட்

விமானம் இல்லாத நாள்ல அடிச்சா எடுக்க ஆள் இருக்காது. திங்கள் அல்லது புதன், விமானம் இறங்குறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி அடிங்க. அப்போதான் கவுன்டர் திறந்து ஆள் உட்கார்ந்திருப்பாங்க, கூட்டம் இன்னும் வந்திருக்காது. விமானம் தரையில நிக்கிற அரை மணி நேரம் மட்டும் அடிக்காதீங்க, அப்போ போனை எடுக்க வேண்டியவர்தான் வெளியில பெட்டியை ஏத்திக்கிட்டு இருப்பார்.